வேலையில்லாத சூடு

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க ஒரு நாளைக்கு எங்க கரட்டுமேடு தொழிற்பேட்டைக்கு வந்து, ஓடைப்பக்கம் இருக்கற கடைசிச் சந்துல நின்னு ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. அந்த வருசம் தை கழிஞ்சு மாசி பொறந்ததும், எங்க பட்டறைகள்ல இருந்து வீணாப் போன சூடெல்லாம், மேய்ச்சலுக்குப் போன மாடு பொழுதோட திரும்பற மாதிரி, அவங்கவங்க ஊட்டுக்குத் திரும்பி வர ஆரம்பிச்சுதுன்னு எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லுவாங்க.

கண்ணுக்குத் தெரியாது, ஆனா வர்றது தெரியும். கொடியில போட்ட ஈரத்துணி சந்து முனையில இருந்து ஒவ்வொண்ணா வெறைச்சுக் காஞ்சுக்கிட்டே வரும், தலையில வெச்ச மல்லிப்பூ சுருங்கிக் கருகும், மளிகைக்கடையில தொங்கற மெழுகுவத்தி இடுப்பு ஒடிஞ்சு குனியும், நடு ரோட்டுல படுத்திருக்கற நாய் எந்திரிச்சு வால கால் நடுவுல விட்டுக்கிட்டு வழி விடும், அப்பறம் ஏதாவது ஒரு ஊட்டு வாசக்கதவு தானாத் திறக்கும். நாங்களும் சும்மா பாத்துக்கிட்டு நிக்கல. அரிசி மாவு கரைச்சு வெச்சா புளிச்சுப் பொங்கிருதுன்னு மாவாட்டற நேரத்தை மாத்துனோம், பாலைப் பொழுதுக்கு முன்னாடியே காய்ச்சிக்கிட்டோம், வடகம் அப்பளம் காயப்போடறவங்க வெயிலைப் பாக்கறதை விட்டுட்டு இது வர்ற நேரத்தைப் பாத்து மொறத்தைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. பழகிக்கிட்டா எதுவும் பழகிரும், வேறென்ன பண்றது.

நான் நாகமணி. நானும் ஊட்டுக்காரர் சென்னியப்பனும் நூலுக்குச் சாயம் போடற ஒரு சின்னப் பட்டறை வெச்சிருக்கோம். பட்டறைக்குப் பின்னாலயே ஊடு. விறகு போட்டு எரிக்கற பாய்லர் ஒண்ணு, அதுல இருந்து சாயத்தொட்டிக்குப் போற நீராவிக் குழாய் ஒண்ணு, அம்புட்டுத்தான் எங்க சொத்து. அந்தக் குழாய் மேல ஒரு துணி கெடையாது, வால்வுல எந்நேரமும் புஸ்ஸுன்னு ஆவி, தொட்டியில இருந்து கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணி நேரா ஓடைக்கு. சூடு போனா போகுது, காத்தோட போகுது, அது என்ன சொல்லிக்கிட்டா போகுதுன்னுதான் இருந்தோம். நாங்க மட்டுமில்லீங்க, அந்தச் சந்துல மிக்சர் கம்பெனி வெச்சிருந்த ராமாத்தாளும் அப்படித்தான், பேக்கரி ஸ்டான்லியும் அப்படித்தான், அலுமினியம் உருக்கி ஊத்தற பவுண்டரி வெச்சிருந்த அர்த்தநாரியண்ணனும் அப்படித்தான்.

ஊட்டுக்கு வந்த சூடு சும்மா மூலையில சுருண்டு படுத்திருந்தா நாங்களும் பாட்டுக்குப் பொழப்பைப் பாத்திருப்போம். அது ஆள் தேடுச்சு. பட்டறைக்காரங்களுக்கு இந்த உலகத்துல ஆருமேல ரொம்பப் பிரியமோ, அவங்க பக்கத்துல போயித்தான் படுத்துச்சு. ஆம்பளைங்களுக்கு இது புரிய வாரக்கணக்காச்சு, எங்க பொம்பளைங்களுக்குச் சட்டுன்னு புரிஞ்சுபோச்சு. ஸ்டான்லியோட சூடு பேக்கரியில இருந்து கெளம்பி நேரா ஊட்டுக்கு வந்து, பொண்டாட்டி அமலியத் தாண்டிப் போயி, வாசல்ல நின்ன புதுக் காருக்குள்ள ஏறி உக்காந்துக்கிச்சு. அமலி போயி கார்க் கண்ணாடியில கையை வெச்சா, கை சுட்டுச்சு. "இத்தன வருசமா வடிச்சுக் கொட்டுனது நானு, வெந்து கெடக்கறது இந்தத் தகரமா?"ன்னு அவ போட்ட சத்தத்துல சந்தே வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுது. அப்பத்தான் கடைசியாச் சிரிச்சோம்.

ராமாத்தாளுக்குப் புருசன் இல்ல, புள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல இருந்துக்கிட்டு தீவாளிக்குப் போன் பண்றதோட சரி. அவ உசுரு பூராம் ஒரு பச்சைக்கிளி மேல. ஒரு நாள் விடிஞ்சு எந்திரிச்சு கூண்டைத் திறந்தா கிளி கம்பியைப் புடிச்ச மேனிக்கே இருக்குது, கண்ணும் திறந்திருக்குது, கையில எடுத்தா கனமே இல்ல. உள்ளுக்குள்ள இருந்த ஈரம் பூராத்தையும் சூடு குடிச்சிருந்துச்சு. ராமாத்தா அழுகக்கூட இல்ல, கிளியை மடியில வெச்சுக்கிட்டு எம்மூஞ்சியவே பாத்தா. எதுக்குப் பாக்கறான்னு எனக்குத் தெரியும்.

ஏன்னா என்ற ஊட்டுல தொட்டில் ஆடிக்கிட்டிருந்துச்சு. கோயில் கோயிலா ஏறி எறங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்கி, இனி இல்லைன்னு நாங்களே மனசைத் தேத்திக்கிட்ட பொறவு வந்து பொறந்த பொண்ணு, இலக்கியா. பட்டறை எனக்கும் அவருக்கும் சொந்தம், ரெண்டு பேருக்கும் பிரியம் ஒரே எடத்துல. பொழுது சாஞ்சா எங்க சூடு வந்து தொட்டிலுக்கு அடியில படுத்துக்கும். புள்ளைக்கு உதடு வெடிக்கும், மூத்தரம் போகாது, உச்சந்தலைக் குழி உள்வாங்கிக் கெடக்கும். நான் ஈரத்துணி நனைச்சுப் போடுவேன், போட்ட கையோட அது காயும். பக்கத்துல கையை நீட்டுனா அந்த எடத்துல ஏதோ இருக்கறது தெரியும், நீளமா, அசையாம, உசுரில்லாம. ஏஞ்சாமி, அந்தப் பயத்தை எந்தத் தாய்க்கும் காட்டிராதீங்கன்னு நான் கும்புடாத தெய்வமில்ல.

இந்தச் சமயத்துலதான் சந்து பூரா அர்த்தநாரியண்ணன் பின்னால போச்சு. அந்தண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும், சம்சாரம் செத்து ரொம்ப நாளாச்சு, புள்ளகுட்டி இல்ல, பவுண்டரியிலயே ஒரு கட்டலைப் போட்டுப் படுத்துக்குவாரு. காலையில உலை பத்த வெக்கறதுக்கு முன்னாடி எங்க ஊட்டுக்கு வந்து புள்ளையை ஒரு தடவை கையில வாங்கி, "என்னடி சின்னக் கவுண்டச்சி, கோவமா?"ன்னு கேட்டுட்டுத்தான் போவாரு. சந்துலயே பெரிய உலை அவருதுதான், ஆனா அவர்கிட்ட மட்டும் சூடு வரவேயில்ல. மாரியாத்தா கோயிலுக்கு வருசா வருசம் மொதக் கூழ்ப்பானை அவருது, அதனால ஆத்தா அவரை விட்டுட்டான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அவரும் அப்படித்தான் நெனச்சாரு.

"இது சூடு இல்லீங்க, ஆத்தா," அப்படீன்னாரு, சந்துக்காரங்களைக் கோயில் முன்னாடி உக்கார வெச்சு. "அம்மை போட்டா ஆத்தா ஊட்டுக்கு வந்திருக்கறான்னு சொல்றோமில்ல, அதேதான். பட்டறையில அவளுக்கு வயிறு நெறையல, அதான் ஊடு தேடி வர்றா. அங்கயே நெறையப் போடுங்க, அங்கயே இருந்துக்குவா."

நாங்க போட்டோம். எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் அப்படியொரு தப்புப் பண்ண முடியும். விறகுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, பொட்டு வெச்சு, ஒரு கட்டை போடற எடத்துல ரெண்டு கட்டை போட்டோம். ஆத்தாளுக்கு மூச்சு முட்டக்கூடாதுன்னு பாய்லர் கதவைத் திறந்தே வெச்சோம். ஆத்தா பட்டினி கெடக்கக்கூடாதுன்னு நாயித்துக்கிழமையும் அணைக்கல. ஸ்டான்லி அடுப்பு மேல பேருக்கு ஒரு சாக்கு சுத்தி வெச்சிருந்தான், அதைக்கூட, "உசுரோட இருக்கற தாய்க்குப் பாடை கட்டுவியாடா?"ன்னு அர்த்தநாரியண்ணன் பிச்சு எறிஞ்சாரு. அதுக்கப்பறம் பொழுது சாயறப்ப சந்துல வந்த சூட்டுக்கு வேப்பமரத்து இலையெல்லாம் மொறுமொறுன்னு கொட்டுச்சு.

புள்ளையை ஆஸ்பத்திரியில சேத்தோம். அங்க பகல்ல நல்லாத்தான் இருந்தா. பொழுது சாஞ்சதும் வார்டுல நனைச்சுப் போட்டிருந்த துணி ஒவ்வொண்ணாக் காயறதைப் பாத்தேன், வாசல்ல இருந்து எங்க கட்டல் வரைக்கும் வரிசையா. டாக்டர் கிருமி இல்ல, சளி இல்ல, ஒண்ணும் இல்லைங்கறாரு. குளுக்கோஸ் ஏத்தறாங்க, ஏறி முடிக்கறதுக்குள்ள புள்ள காயறா. "என்ன பண்ணட்டும் மாமா?"ன்னு நான் கேட்டதுக்கு என்ற ஊட்டுக்காரர் செவுத்துல தலையை முட்டிக்கிட்டாரு. அந்த மனுசன் அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

அப்பத்தான் எனக்கு ரிஸ்வானா ஞாபகம் வந்துச்சு. எங்களை மாதிரிச் சின்னத் தொழில் பண்றவங்களுக்கு விறகு, கரண்டு மிச்சம் புடிக்கறதுக்கும், கழிவுத்தண்ணிய ஒழுங்கு பண்றதுக்கும் வழி சொல்லிக் குடுக்கற மையம் ஒண்ணு டவுன்ல இருக்குது. அங்க இஞ்சினியரா இருந்த புள்ள அது. முந்தின வருசமே சந்துக்கு வந்து, "அக்கா, உங்க குழாயைப் பாக்கலாமா?"ன்னு கேட்டுச்சு. இன்ஸ்பெக்டர் மாதிரி ஆரோ வந்திருக்காங்கன்னு நாங்க பாய்லர் ரூமைப் பூட்டி, டீயும் பன்னும் வாங்கிக் குடுத்து, மரியாதையா அனுப்பி வெச்சிருந்தோம். இப்ப நானே போன் பண்ணி, "கண்ணு, குழாயைப் பாக்க வா"ன்னேன். எதுக்குன்னு சொன்னேன். எத்தனை மணிக்கு அது வரும்னு மட்டும் கேட்டுச்சு. அப்பறம், "வர்றேங்க்கா"ன்னுச்சு.

வந்துச்சு, சூட்டைப் படம் புடிக்கற கேமரா ஒண்ணோட. புள்ளையை ஊட்டுக்குக் கொண்டாந்திருந்தோம், எங்க இருந்தாலும் வரத்தானே போகுதுன்னு. பொழுது சாய்ஞ்சு கொடித்துணி காய ஆரம்பிச்சதும் ரிஸ்வானா கேமராவைத் தொட்டில் பக்கம் திருப்புச்சு. திரையில ஊடு பூரா ஊதாவா இருக்குது, நடுவுல எங்க இலக்கியா மங்கலா, அவளைச் சுத்தி மஞ்சளும் வெள்ளையுமா ஒண்ணு வளைச்சுப் படுத்திருக்குது. நீளமா வந்து ஓரெடத்துல நறுக்குன்னு மடங்கி, மறுபடி நீண்டு, தலைமாட்டுல சக்கரம் மாதிரி ஒண்ணு. ரிஸ்வானா கேமராவை அணைச்சு மறுபடி போட்டுப் பாத்துச்சு, அதேதான் தெரிஞ்சுது. என்ற ஊட்டுக்காரர்தான் குனிஞ்சு பாத்துட்டு மெதுவாச் சொன்னாரு.

"நாகு, இது நம்ம லைன். அந்த மடக்குத் தெரியுதா, சாயத்தொட்டிகிட்டத் திரும்பற எடம். அந்தச் சக்கரம் நம்ம வால்வு."

ஆத்தாளும் இல்ல, பேயும் இல்ல, நாங்க போட்ட குழாய். நாங்களே வெறகு வெட்டிப் போட்டு வளத்தது எங்க புள்ளையைச் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு.

"வேலை இருக்கற சூடு எங்கயும் போகாதுங்க்கா," அப்படீன்னுச்சு ரிஸ்வானா. "வேலையில்லாததுதான் வெளிய வந்து அலையுது. அதுக்கு வேலை குடுக்கோணும், இல்லைன்னா வெளிய விடாமப் புடிச்சு வெக்கோணும்."

மறுநாளே பாய்லரை நிறுத்துனோம். மையத்துல இருந்து வந்த ஆளுங்க குழாய் பூரா சூட்டை வெளிய விடாத கண்ணாடிப் பஞ்சு சுத்தி மேல தகடு போட்டாங்க. ஒழுகற வால்வை மாத்துனாங்க. தொட்டியில வேலை முடிச்சு நீராவி ஆறி வர்ற சுடுதண்ணியைத் திருப்பி பாய்லருக்கே விட்டாங்க. ஓடைக்குப் போற சாயத்தண்ணியை ஒரு தொட்டியில தேக்கி, அதுக்குள்ள குழாயை வளைச்சு விட்டு, அந்தச் சூட்டுலயே புதுத்தண்ணியைக் காய வெக்க வழி பண்ணுனாங்க. விறகை நனைய விடாம ஒரு கொட்டாய் போட்டு அடுக்குனோம், கதவைச் சாத்தி எரிச்சோம். சந்துக்காரங்க எட்டி எட்டிப் பாத்துட்டு, "ஆத்தாளைக் கட்டிப் போடறாங்க, இவங்களுக்கு என்ன வரப்போகுதோ"ன்னு தூரமாவே நின்னாங்க. அர்த்தநாரியண்ணன் மட்டும் காலையில எப்பவும் போல வந்து புள்ளையை வாங்கி வெச்சுக்கிட்டு, எங்கிட்ட மூஞ்சி குடுக்காம, "உங்கம்மா பண்றது தப்புடி"ன்னு புள்ளைகிட்டச் சொல்லிட்டுப் போனாரு.

பாய்லரை மறுபடி பத்த வெச்ச அன்னைக்குப் பொழுது சாஞ்சுது. கொடியில துணி ஈரமாவே தொங்குச்சு. எங்க சூடு ஒரு பூனைக்குட்டி அளவுக்கு வந்து வாசப்படியில படுத்து, அங்கயே ஆறிப்போச்சு. நான் புள்ளையை அள்ளி எடுத்தேன். புள்ள கொதிச்சா.

முன்னயவிடக் கொதிச்சா. என்ன பண்றதுன்னே தெரியல, அழுகறேன், பாக்க வந்திருந்த ரிஸ்வானா கேமராவை எடுத்து நீட்டுது. திரையில குழாய் இல்ல. தொட்டிலுக்கு மேல, புள்ள மூஞ்சிக்கு நேரா, உருண்டையா ஒண்ணு தொங்கிக்கிட்டிருந்துச்சு, நடுவுல வாய் மாதிரித் திறந்து, உள்ள வெள்ளையா. இவ்வளவு நாளா எங்களுதோட ஒண்ணாக் கலந்து கெடந்ததால தனியாத் தெரியல. எங்களுது ஒதுங்குனதும் இது தெரிஞ்சுது. எங்களுக்குக் கேமராவே வேண்டாம், அந்த வாயை நாங்க தெனமும் பாக்கறோம். அது பவுண்டரி உலை.

சந்துலயே பெரிய உலைக்கு ஊடு தேடிப் போற சூடு இல்லாமப் போயிருமா? அந்தண்ணனுக்கு ஆருமில்லைன்னு நாங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டோம். அவருக்கு இருந்தது எம்புள்ள.

நான் தலைவிரி கோலமா பவுண்டரிக்கு ஓடுனேன். மத்தியானத்துல இருந்து எரிஞ்சு உலை தகதகன்னு கெடக்குது. அர்த்தநாரியண்ணன் நிமுந்து, "என்ன அம்மிணி?"ங்கறாரு. நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். மொதல்ல அவருக்குக் கோவம் வந்துச்சு, "வாயில வந்ததைப் பேசாத அம்மிணி, ஆத்தா எங்கிட்ட வரவேயில்ல"ன்னாரு. பின்னாலயே ஓடி வந்த ரிஸ்வானா கேமராவை அவர் கையில குடுத்துச்சு. அதுல புள்ளையும் உலை வாயும் இருந்துச்சு. அந்தண்ணன் பாத்தாரு, திரும்பி உலையைப் பாத்தாரு, மறுபடி படத்தைப் பாத்தாரு. அப்பறம் தண்ணி டியூப்பை இழுத்துக்கிட்டு உலையைப் பாத்து ஓடுனாரு.

"ஐயா, ஊத்தாதீங்க!" அப்படி ஒரு சத்தம் ரிஸ்வானாகிட்ட இருந்து வரும்னு நான் நெனைக்கல. "உலை வெடிச்சுரும். வெடிக்கலைன்னாலும், இந்தச் செங்கலுக்குள்ள இருக்கற அவ்வளவு சூடும் ஒரே மூச்சுல வெளிய வரும். வந்தா எங்க போகும்?"

டியூப் அவர் கையில இருந்து விழுந்துச்சு. எல்லாரும் எங்க ஊட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தோம்.

உலை எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் புள்ளைகிட்ட வரும், அணைச்சாலும் வரும். ரிஸ்வானாதான் பேசுச்சு. "கரி போடறதை நிறுத்துங்க. உருக்குனதை அச்சுல ஊத்திருங்க. மிச்சம் இருக்கற சூடு ஆறி முடியற வரைக்கும் அதுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிசம்கூடச் சும்மா விடக்கூடாது. கொதிக்க வெக்கறதுக்கு, காய வெக்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கோ கொண்டாங்க."

இத்தனை நாளா எட்ட நின்ன சந்து அன்னைக்கு ஓடி வந்துச்சுங்க. கிளி செத்த ராமாத்தாதான் மொதல்ல வந்தா, பாமாயில் ஊத்துன பெரிய எண்ணெச்சட்டியத் தூக்கிக்கிட்டு, தனியா. ஸ்டான்லி பெசஞ்ச மாவைத் தட்டுத் தட்டாக் கொண்டாந்தான், அமலி குளிக்கற தண்ணிக்கு அண்டாவோட வந்தா, ஆரோ நெல்லு அவிக்கற கொப்பரையை உருட்டிக்கிட்டு வந்தாங்க, எங்க பட்டறையில சாயம் சொட்டற நூல் பூராத்தையும் என்ற ஊட்டுக்காரர் தோள்ல சுமந்து கொண்டு போயி உலையைச் சுத்திக் கட்டி விட்டாரு. நான் ஊட்டுக்குத் திரும்பி ஓடி, புள்ளையை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு சட்டியை எறக்கி அடுத்ததை ஏத்தற நேரம் இருக்குதில்ல, அந்த இடைவெளியில புள்ள ஒடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு கொதிக்கும். வாசல்ல நின்ன பொம்பளைங்க சந்து நெடுக ஆளுக்கொரு எடத்துல நின்னு சத்தம் குடுத்தாங்க. "புள்ள கொதிக்குது, வையி!"ன்னு இங்கிருந்து போகும், "ஏத்தியாச்சு!"ன்னு அங்கிருந்து வரும். அந்த வார்த்தை வந்து சேர்றதுக்குள்ள நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்.

சோறு வெந்துச்சு, நெல்லு அவிஞ்சுது, பன்னு வெந்துச்சு, முறுக்கும் மிக்சரும் மலையாக் குவிஞ்சுது, தண்ணி கொதிச்சுது, நூல் காஞ்சுது, சந்துல இருக்கற போர்வை, மெத்தை, பாவாடை பூரா நனைச்சு நனைச்சுக் காய வெச்சாங்க. டேங்க்குல தண்ணி தீந்துபோச்சு. உலை இன்னும் செவப்பாவே கெடக்குதுன்னு சத்தம் வந்துச்சு. அதுக்கப்பறம் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வரல. புள்ளைக்கு அழுகக்கூட ஈரம் இல்ல, வாய் மட்டும் தெறக்குது. "வையுங்க, எதையாச்சும் வையுங்க!"ன்னு நான் கத்துனது கரட்டுமேடு பூரா கேட்டிருக்கும்.

அப்பறம் ஒரு நாத்தம் வந்துச்சு, சாயமும் சோடாவும் கலந்த எங்க ஓடை நாத்தம். என்ற ஊட்டுக்காரர்தான் மொத வாளியை மொண்டாராம். எல்லாரும் வரிசையா நின்னு, வருசக்கணக்கா நாங்களே கொட்டுன செவப்பும் நீலமும் கலந்த தண்ணியை மொண்டு மொண்டு குடுக்க, அர்த்தநாரியண்ணன் அண்டா அண்டாவா உலை மேல ஏத்தி வத்த வெச்சாரு. தண்ணி ஆவியாப் போயி அடியில உப்பு மட்டும் தங்குச்சு. வழிச்சுப் போட்டுட்டு அடுத்ததை ஊத்துனாரு. அந்தக் கொதிக்கற ஆவியில நின்னு அவர் கையெல்லாம் வெந்துபோச்சு, ஆரையும் பக்கத்துல விடல.

பொழுது விடியற நேரம். மடியில என்னமோ ஈரமாச் சுட்டுச்சு. புள்ள மூத்தரம் பேஞ்சிருந்தா. நான் குனிஞ்சு நெத்தியில கையை வெச்சேன், நெத்தி சில்லுன்னு இருந்துச்சு. மறுபடி வெச்சேன். அவ ஒரு தும்மல் போட்டா. எம்புள்ளைக்குக் குளுருது, ஏனுங்க, எம்புள்ளைக்குக் குளுருதுன்னு நான் கத்த, அதைச் சந்து நெடுக ஒவ்வொருத்தியாக் கத்திக் கொண்டு போனாளுக.

எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. அர்த்தநாரியண்ணன் மட்டும் வரல. எட்டிப் பாத்தா, கேட்டுக்கு வெளிய, கையில வாழயெலை சுத்திக் கட்டிக்கிட்டு, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கறாரு.

"உள்ள வாங்கண்ணா."

"வேண்டாம் அம்மிணி. உலையை இடிச்சுப்போடறேன். நான் வேற ஊருக்குப் போயிக்கறேன்."

"உலையை இடிச்சுட்டு என்ன திம்பீங்க? ரிஸ்வானா மூடி போட்டு, கல்லு மாத்திக் கட்டித் தர்றேங்குது. உள்ள வாங்க."

"சூடு முழுசா நிக்காது, கொஞ்சம் கசியத்தான் செய்யும்னும் அதுதான் சொல்லுது." குரல் ஒடைஞ்சுபோச்சு அந்தண்ணனுக்கு. "அண்டா ஏத்தறப்ப எல்லாம் உன்ற புள்ளையை வெறுத்துப் பாத்தேன் அம்மிணி. மூக்கொழுகும், மேல பேயும், தூங்க விடாதுன்னு ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். நெனைக்க நெனைக்கப் பிரியம் இன்னும் அதிகமாத்தான் ஆச்சு. என்னால முடியல."

நான் கேட்டுகிட்டப் போனேன். புள்ள அவரைப் பாத்ததும் கையைக் காலை ஆட்டுச்சு. அந்த மனுசன் பின்னால நவுந்து செவுத்தோட ஒட்டிக்கிட்டாரு. "கிட்டக் கொண்டாராத அம்மிணி, எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தானுங்ணா பயம்," அப்படீன்னேன். "புடிங்க."